புதிதாக ஆய்வகத்துக்கு வரும் இளம் மாணவர்களுக்கு முதலில் எதைக் கற்றுக்கொடுப்பீர்கள்?

உங்களிடம் இப்போதுதான் முதல் மாணவர் வந்து சேர்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். "மேடம், எங்கேயோ தப்பாகிவிட்டது" என்று அன்றைக்கே வந்து சொல்லும் தைரியத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். பிள்ளைகள் வரும்போது அது அவர்களிடம் இருக்கத்தான் செய்கிறது. நாம்தான் கெடுக்கிறோம். நானும் கெடுத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு முதுகலை ப்ராஜெக்டுக்காக ஒரு மாணவி என்னிடம் வந்தாள். புற்றுநோய் செல்களை வளர்த்து, ஒரு மருந்து அவற்றின் வளர்ச்சியைக் குறைக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வந்த இரண்டாவது வாரமே ஒரு தட்டு முழுக்கப் பூஞ்சை பிடித்துவிட்டது. "உன் கைதான் சுத்தமில்லை" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். எனக்கு அது அன்றோடு மறந்துபோனது.

மூன்று மாதம் கழித்து அவள் காட்டிய வரைபடங்கள் சந்தேகப்படும் அளவுக்கு அழகாக இருந்தன. லேப் நோட்டை வாங்கிப் புரட்டினேன். சரியாக வராத தட்டுகளை விட்டுவிட்டு, வந்ததை மட்டும் வரைந்திருந்தாள். ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறிப்பு: "மருந்து போடாத செல்களும் மெதுவாகத்தான் வளர்கின்றன." தேதியைப் பார்த்தால் ஒன்பது வாரம் பழையது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாமல் வைத்திருக்கும் கன்ட்ரோல் செல்களே ஒழுங்காக வளரவில்லை என்றால் மற்ற எண்களை வைத்து என்ன செய்வது? அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

கிருமியின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர். சோதனை செய்து பார்த்தோம். மைகோபிளாஸ்மா. இந்தப் பாக்டீரியா புகுந்தால் வளர்ப்பு ஊடகம், அதாவது செல்கள் வளரும் சத்துத் திரவம், கலங்காது, தினமும் பார்க்கிற மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது. செல்சுவர் இல்லாததால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. செல்களுக்கான சத்தைத் தின்றுகொண்டு கூடவே வாழும். உறைய வைத்திருந்த பழைய குப்பியைச் சோதித்தால் அதிலும் இருந்தது. அதாவது செல்கள் எங்களிடம் வரும்போதே கொண்டுவந்திருக்கின்றன. அவள் கையில் ஒரு குறையும் இல்லை.

"ஏம்மா அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"மறுபடியும் என் கைதான் என்பீர்கள் என்று பயந்துவிட்டேன் மேடம்."

மூன்று மாத வேலை குப்பைக்குப் போனது. அதற்கு அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். வாராந்திரக் கூட்டத்தில் "இந்த வாரம் எது வரவில்லை?" என்றுதான் ஆரம்பிக்கிறேன், முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். புது மாணவர்களுக்கு முதல் வாரம் செல்லே கிடையாது. 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பிப்பெட்டில் எடுத்துத் தராசில் விடச் சொல்வேன். 100 மில்லிகிராம் வர வேண்டும். பத்து முறை செய்தால் பத்தும் வேறுவேறாக வரும். பத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிச் செல்லம் கொடுத்தால் ஒழுங்கு போய்விடும் என்று சிலர் சொல்வீர்கள். நான் கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. சோதனை தோற்றால் கோபப்பட மாட்டேன். எண்ணை நோட்டில் எழுதாமல் மறைத்தால் இன்றும் கடுமையாகத்தான் பேசுவேன், ஆனால் தனியாகக் கூப்பிட்டு.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பென்சிலினோடு சேர்த்து ஊடகத்தில் நாம் விடும் ஸ்ட்ரெப்டோமைசினை 1943-இல் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆய்வு மாணவர். காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆன்டிபயாட்டிக் அது. 1950-இல் வழக்குப் போட்டுத்தான் இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற பெயரையே வாங்கினார். 1952-இல் நோபல் பரிசு அவருடைய கைடு செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. நான் மாணவியாக இருந்தபோது பதினான்கு மாதம் உழைத்து எடுத்த படம் ஒரு கட்டுரையில் வந்தது. என் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் வரியில் இருந்தது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால் யார் சேர்ந்தாலும், எந்த வேலைக்குக் கட்டுரையில் பெயர் வரும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அந்தப் பெண் சுத்தமான செல்களில் எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். மருந்தின் விளைவு முன்பு காட்டியதில் பாதிகூட இல்லை. அதை அப்படியே எழுதினோம், முதல் பெயர் அவளுடையது. செய்முறைப் பகுதியில் "செல்கள் மாதம் ஒருமுறை மைகோபிளாஸ்மாவுக்குச் சோதிக்கப்பட்டன" என்று ஒரு வரி இருக்கும். அதை நான் சொல்லாமலே அவளே சேர்த்திருந்தாள்.