15 வெள்ளி யானை, 90 வெள்ளி மேசை

கேள்வி: வணக்கம் அக்கா. குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னலில்) யானை, முயல், ஆமை என்று சின்னச் சின்ன பொம்மைகள் பின்னுவேன். போன மாதம் முதல்முறையாகக் கைவினைச் சந்தையில் மேசை எடுத்தேன், ஒரு நாளுக்கு 90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பொம்மை ஒன்று 15 வெள்ளி, 8 விற்றது. எல்லாரும் அழகு என்றார்கள், ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. விலையை ஏற்றலாமா? அப்புறம், ஒரு முயலின் கண் கழன்றுவிட்டது என்று வாங்கியவர் படம் அனுப்பினார். மனசே சரியில்லை.
- வாசகி, ஈசூன்

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கண். போன காசை அடுத்த சந்தையில் பிடித்துவிடலாம், கழன்ற கண்ணைக் குழந்தை விழுங்கிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? இன்றே பணத்தைத் திருப்பிக் கொடுத்து பொம்மையை வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கண் கழல்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். கண்ணை உள்ளிருந்து பிடித்திருக்கும் பின்பக்க வட்டு கடைசி வரை அழுந்தவில்லை, அல்லது பின்னல் தளர்வாக இருந்து வட்டோடு சேர்ந்து கண்ணே வெளியே வந்துவிடுகிறது. நூல் உறையில் போட்டிருக்கும் அளவைவிடச் சின்ன ஊசியாக எடுங்கள், மில்க் காட்டன் நூலுக்கு நான் 2.5 மி.மீ. தான் பிடிக்கிறேன், பின்னல் இறுகும், உள்ளே இருக்கும் பஞ்சும் தெரியாது. பஞ்சு அடைப்பதற்கு முன்பே கண்ணை மாட்டி, நன்றாக இழுத்துப் பாருங்கள். 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு என்றால் பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம், கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 8 பொம்மைக்கு 120 வெள்ளி. மேசைக்கு 90 போய்விட்டது. நூல், பஞ்சு, கண் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 4 வெள்ளி என்றால் 32. ஆக உங்களுக்கு 2 வெள்ளி நஷ்டம், அதுவும் ஒரு யானைக்கு 5 மணி நேரம் உட்கார்ந்ததைச் சேர்க்காமலே. விலையை ஏற்றத்தான் வேண்டும், 35 வெள்ளிக்குக் கீழே அந்த யானையைக் கொடுக்காதீர்கள். ஆனால் சந்தையில் நடந்து போகிறவர் 35 வெள்ளியை யோசித்துத்தான் எடுப்பார், என் முதல் சந்தைக்கு 20 பெரிய பொம்மை கொண்டுபோய் 17-ஐத் திரும்பத் தூக்கி வந்தேன். அதனால் பெரியது மூன்று நான்கு மட்டும் மேசையில் இருக்கட்டும், பிடித்தவர்களிடம் முன்பதிவு வாங்குங்கள். மேசை வாடகையை எடுத்துக் கொடுப்பது சாவிக்கொத்தில் மாட்டும் குட்டிப் பொம்மைதான். 6 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்டி 24-இல் நிறுத்தினால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தலை, கை பழகிவிட்டால் முக்கால் மணி நேர வேலை. 8 வெள்ளிக்கு வைத்தால் பொருள் செலவு போக 6 வெள்ளி நிற்கும், 15 விற்றால் 90 வந்துவிடும்.

இன்னொரு விஷயம், முயலும் கரடியும் எல்லா மேசையிலும் இருக்கும். பீஷான் பக்கம் ஆற்றங்கரையில் கூட்டமாக ஓடும் நீர்நாயைப் பின்னிப் பாருங்கள், இந்த ஊர்க்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பாசம். பொங்கலுக்கு முன்னால் என்றால் கொம்பில் மஞ்சளும் சிவப்பும் சுற்றிய கன்றுக்குட்டி. எனக்கு அதைப் பின்னுவதே ஒரு சந்தோஷம்.

கேள்வி: என் மகள் பிகாச்சு பொம்மை பின்னி விற்க ஆசைப்படுகிறாள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து விற்க அனுமதி வாங்க வேண்டுமா?
- வாசகர், தெம்பனீஸ்

பதில்: பிகாச்சு வேண்டாம் ஐயா, அந்த உருவம் வேறொருவருடைய உரிமை, கையால் பின்னினாலும் விற்பது தப்புதான். வேறொருவர் எழுதிய பின்னல் முறையை வாங்கிப் பின்னினாலும், செய்த பொம்மையை விற்க அவர் சம்மதிக்கிறாரா என்று அதிலேயே படித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து சின்ன அளவில் செய்ய வீவகவிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை, வெளியாட்களை வேலைக்கு வைக்கக் கூடாது, விளம்பரப் பலகை மாட்டக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே விற்றால் வணிகங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதியத் தேவையில்லை, கடைக்கு வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும்.