வைஃபை கார்டு வேலை செய்யவில்லை: பழி லினக்ஸ் மீதா?

கேள்வி: என் மடிக்கணினியில் ஏஎம்டி ரைசன் சிப், உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் போட்டிருக்கிறேன். பழைய வைஃபை கார்டு அடிக்கடி துண்டித்துக்கொண்டதால், ஒரு கடைத்தொகுதியில் 38 வெள்ளிக்கு இன்டெல் ஏஎக்ஸ்211 கார்டு வாங்கி மாட்டினேன். வைஃபையும் இல்லை, புளூடூத்தும் இல்லை. “லினக்ஸ் என்றால் அப்படித்தான், மாற்றித் தர முடியாது” என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?
– வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: விண்டோஸ் போட்டாலும் அந்தக் கார்டு உங்கள் கணினியில் உயிர் பெறாது. ஏஎக்ஸ்211 முழு வைஃபை கார்டே அல்ல. வேலையின் ஒரு பாதியை மதர்போர்டில் உள்ள இன்டெல் சிப்பே செய்யும் என்று நம்பி, ரேடியோப் பகுதியை மட்டும் வைத்துச் செய்யப்பட்டது அது. ஏஎம்டி போர்டில் அந்த மறுபாதி கிடையாது. ஆனால் கார்டைச் செருகும் எம்.2 இணைப்பான் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கார்டும் கச்சிதமாக உட்காரும். குழப்பமே அதனால்தான். நீங்கள் வாங்கியிருக்க வேண்டியது ஏஎக்ஸ்210. பெயரில் ஒரே ஓர் எண் வித்தியாசம். அது எல்லாப் போர்டுகளுக்கும் பொதுவான பிசிஐஇ இணைப்பு வழியாகத் தனித்து இயங்கும்.

சந்தேகமிருந்தால் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையைக் கொடுங்கள். வரும் பட்டியலில் வைஃபை கார்டுக்கு ஒரு வரிகூட இல்லையென்றால், வன்பொருளே அதைப் பார்க்கவில்லை. லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. வரி இருந்து, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மட்டும் ஏறாவிட்டால்தான், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையோ கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேரையோ சந்தேகிக்க வேண்டும். ஏஎக்ஸ்210க்கு கெர்னல் 5.10 முதல் ஆதரவு உண்டு. உபுண்டு 24.04 வந்ததே 6.8 கெர்னலோடுதான், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். சில மடிக்கணினிகளின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்), தான் அறிந்த கார்டுகளைத் தவிர வேறெதையும் ஏற்காது. அதையும் வாங்குமுன் விசாரித்துவிடுங்கள்.

சரி, பணம்? வாங்கும்போது என்ன பேசினீர்கள் என்பதைப் பொறுத்தது அது. மடிக்கணினியின் மாடலைச் சொல்லி, “இதற்குப் பொருந்துமா?” என்று கேட்டு, கடைக்காரர் ஆமென்றிருந்தால், சொன்ன பயனுக்கு உதவாத பொருளை விற்றிருக்கிறார். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டத்தின்படி மாற்றித் தரக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். நீங்களாகவே கார்டின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்கியிருந்தால் கார்டில் குறையில்லை. மாற்றித் தருவது கடைக்காரரின் தயவு. மேலே சில வெள்ளி கொடுத்து ஏஎக்ஸ்210 வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் படியும்.

நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் மறுத்தால், முதலில் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம். அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மன்றத்துக்குப் போக வேண்டும், 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளி. 38 வெள்ளிக்காக அவ்வளவு அலைய வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் சங்கத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

புதுக் கார்டை மாட்டும்போது ஆன்டெனா வயர் இரண்டும் ‘டிக்’ என்று உட்கார்ந்தனவா என்று பாருங்கள். அது சரியாக மாட்டாவிட்டால் கார்டு தெரியும், சிக்னல்தான் வராது.