ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: பக்கவாதம் வந்து மருத்துவமனையில் இருக்கும் அப்பா தண்ணீருக்குக் கையை நீட்டுகிறார். பேச்சு சிகிச்சையாளர் வந்து பார்க்கும்வரை ஒரு சொட்டும் கூடாது என்கிறார்கள். தண்ணீர் குடிப்பதற்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: பேசுவதும் விழுங்குவதும் ஒரே உறுப்புகளின் வேலை. குரல்வளை மேட்டில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அது மேலே ஏறி இறங்கும். அந்த நொடியில்தான் மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு அது தாமதமாக மூடலாம். தண்ணீரோ வேகமாக ஓடும். முந்திக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நிமோனியா வருவது அப்படித்தான்.

"ஒரு வாய்தான் கொடுத்தேன், இருமவே இல்லையே" என்று யாராவது சொன்னால் எனக்கு அடிவயிறு கலங்கும். தொண்டையின் உணர்ச்சி மழுங்கிவிட்டால், நீர் தவறான வழியில் போனாலும் இருமல் வராது. அதனால் பேச்சு சிகிச்சையாளர்களான நாங்கள் ஒரு கரண்டி நீர் கொடுத்து, 'ஆ' என்று சொல்லச் சொல்லிக் கேட்போம். குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளவென்று இருந்தால் அத்தோடு நிறுத்திவிடுவோம். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால், எக்ஸ்-ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்-ரே வீடியோ எடுப்பார்கள். அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள்.

அதுவரை அப்பாவின் வாயைச் சுத்தமாக வைத்திருக்கச் செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். வாயில் பெருகும் கிருமிகள்தான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகின்றன. இது சின்ன வேலை அல்ல.

கேள்வி: தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். எவ்வளவு கெட்டி?

பதில்: பானங்களுக்கும் உணவுகளுக்கும் 0 முதல் 7 வரை சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. உங்களுக்குச் சொன்ன எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 10 மில்லி ஊசிக்குழலில் நிரப்பி 10 விநாடி ஒழுக விட்டால், 2-ஆம் நிலைப் பானம் 4 முதல் 8 மில்லி வரை மீதம் இருக்கும். கெட்டி நீர் பலருக்குப் பிடிப்பதில்லை, குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். நாக்கு வறண்டாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்கிறார். வேறு சொல்லே வரவில்லை. நினைவு போய்விட்டதா?

பதில்: இதை வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். இது அஃபேசியாவாக இருக்கலாம். அதில் மொழிதான் அடிபடுகிறது, அறிவு அல்ல. 1861-இல் பிரான்சில் மருத்துவர் பால் புரோக்கா பார்த்த நோயாளி ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் "டான்" என்றே பதில் சொன்னார். ஆனால் பேச்சைப் புரிந்துகொண்டார். மூளையின் இடது முன்பகுதியில் சேதம் இருந்தது.

அம்மாவின் "ஆமாம்" சில நேரம் "இல்லை" என்பதாகவும் இருக்கும். முகத்தையும் கையையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, அதுவும் சின்னதாக. கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அவர் தேடும் சொல்லை முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். எல்லாம் காதில் விழுகிறது.

கேள்வி: கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்த தம்பிக்கு இனிக் குரல் வராதா?

பதில்: குரல்நாண்களுக்குக் கீழே இருக்கும் குழாய் வழியாகவே காற்று வெளியேறிவிடுவதால்தான் குரல் எழவில்லை. அந்தக் குழாயின் வாயில் பொருத்தும் பேச்சு வால்வு மூச்சை உள்ளே விட்டு, வெளிவரும் காற்றைக் குரல்நாண்கள் பக்கம் திருப்பும். தசைநலிவு நோயோடு வென்டிலேட்டரில் வாழ்ந்த டேவிட் மியூர் என்ற இளைஞர் தானே பேசுவதற்காக இப்படி ஒன்றை உருவாக்கினார். ஆனால் குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பையின் காற்றை முழுவதும் இறக்காமல் வால்வைப் பொருத்தினால் மூச்சை வெளியே விட முடியாது, உயிருக்கே ஆபத்து. குடும்பத்தினர் தாங்களாக மாட்டக் கூடாது. எல்லாருக்கும் இது பொருந்தாது. தம்பிக்குப் பொருந்துமா என்று நாளைக்கே கேளுங்கள்.

கேள்வி: வென்டிலேட்டர் குழாயை எடுத்தபின் குரல் கரகரக்கிறது.

பதில்: குழாய் குரல்நாண்களை உரசியிருக்கும். பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள்.