நிலக்காட்சி ஓவியத்தில் மனித உருவம் மட்டும் ஏன் ஒட்டாமல் நிற்கிறது?

எண்ணெய் வண்ணத்தில் வயலோ கடற்கரையோ நன்றாக வந்திருக்கும், ஆனால் அதில் நிற்கும் ஆள் மட்டும் அந்த இடத்தைச் சேர்ந்தவராகவே தெரியமாட்டார். முகம், கை கால் அளவெல்லாம் சரியாக இருந்தும் இப்படி ஆனால், பெரும்பாலும் பிரதிபலிப்பு ஒளியை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வெயில் நம்மேல் நேராக மட்டும் விழுவதில்லை. மண்ணிலும் புல்லிலும் பட்டு, அவற்றின் நிறத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு திரும்ப நம்மேல் விழுகிறது. அதுதான் பிரதிபலிப்பு ஒளி. பளிச்சென்ற மஞ்சள் பட்டுச்சேலை கட்டியவர் வெயிலில் நின்றால் தாடைக்கு அடியில் லேசாக மஞ்சள் தெரியுமே, அதேதான். புல்வெளியில் நிற்பவரின் வெள்ளைச் சட்டையில் கீழ்நோக்கிய மடிப்புகள் பச்சைச் சாயலும், வானத்தைப் பார்த்த நிழல் பகுதிகள் நீலச் சாயலும் வாங்கும்.

ஸ்பெயின் ஓவியர் சொரோயா 1909இல் வலென்சியா கடற்கரையில் தன் மனைவியும் மகளும் நடப்பதை வரைந்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடை வெள்ளைதான், நிழலில் ஓடுவதோ நீலமும் ஊதாவும்!

அப்புறம் விளிம்பு. உருவத்தைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே கூர்மை இருந்தால் ஆள் பிரிந்துதான் நிற்பார். எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்காகும் என்பதால், ஈரம் இருக்கும்போதே நிழல் பக்க விளிம்பை உலர்ந்த தூரிகையால் பின்னணிக்குள் மெல்ல இழுத்துவிடலாம் (அக்ரிலிக்கில் அதற்கெல்லாம் நேரமே கிடைக்காது).

நிழல் என்றால் தோல் நிறத்தோடு கறுப்பைக் கலப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். வெளிவெயிலில் அது நிறத்தைச் சாகடித்துவிடும், சுற்றியிருக்கும் தரையும் வானமும் என்ன நிறமோ அதைத்தான் முதலில் கலந்து பார்க்க வேண்டும்.