எதிர்காற்றில் மட்டும் வரும் நெஞ்சு இறுக்கம்

ஐயா, நாளைக் காலை சைக்கிளை எடுக்காதீர்கள். வழக்கம்போல ஆறு மணிக்குப் புது ஆற்றங்கரைக்கு, அதாவது கல்லணைக் கால்வாய்க் கரைக்குக் கிளம்ப வேண்டாம். அன்றைக்கே ஒரு இதய மருத்துவரைப் போய்ப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். 51 வயது. மாசி மாதத்திலிருந்து சைக்கிள் ஓட்டுகிறீர்கள். தஞ்சாவூரிலிருந்து கல்லணைக் கால்வாய்க் கரையோடு பூதலூர் வரை போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். சுண்டுவிரல் மரத்துப்போகிறது, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, முழங்காலில் சத்தம் கேட்கிறது, கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 52 என்று காட்டுகிறது. இதற்கெல்லாம் பத்தி பத்தியாக இடம் கொடுத்துவிட்டு, மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஆனி பாதியிலிருந்து, காற்று எதிரே அடிக்கும்போது நெஞ்சு ஒரு மாதிரி இறுக்குகிறது, தாடை வரை இழுக்கிறது, நின்றால் போய்விடுகிறது, வாயுவாகத்தான் இருக்கும்."

அதற்கு அடுத்த வரியைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. கூட வரும் இளைஞர்களுக்குத் தெரியக் கூடாது என்று, பாலத்து ஏற்றத்தில் செயின் கழன்றுவிட்டதுபோல் இறங்கிக் குனிந்து நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் நின்றதும் சரியாகிவிட்டதாம். மறுபடி மிதித்தபோது வரவே இல்லை என்பதால் ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். கொஞ்சம் உழைத்ததும் வந்து, நின்றால் தணிந்து, அதன்பின் அதே உழைப்புக்கு வராமல் இருக்கும் வலி மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. இதய ரத்தக்குழாய் சுருங்கியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். இரண்டாம் முறை வரவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் போகும் பாதையே பாதி நோயைச் சொல்லிவிடுகிறது. தஞ்சாவூரிலிருந்து பூதலூருக்குப் போகும்போது மேற்கே போகிறீர்கள். கால்வாயில் தண்ணீர் எதிரே வருகிறது, ஆடிக் காற்றும் எதிரே வருகிறது. திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொடுக்கிறது. போகும்போது மட்டும் வலி வருகிறது, திரும்பும்போது வருவதே இல்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் மிதிக்க, எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், உடம்பில் மோதுவது 40 கிலோமீட்டர் காற்று. அப்போது காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. மேடே இல்லாத டெல்டாவில் மலை ஏறுவதற்குச் சமமான வேலையை அந்தக் காற்று கொடுத்துவிடுகிறது. மாசி, பங்குனியில் கால்வாய் காய்ந்து கிடந்தபோது காற்று இல்லை, உங்கள் இதயமும் சமாளித்தது. ஆனி, ஆடியில் சமாளிக்க முடியவில்லை.

வாயுத் தொல்லைக்குப் போகும் வழி, வரும் வழி என்ற வித்தியாசம் கிடையாது ஐயா. சாப்பிட்டால் வரும், படுத்தால் வரும், ஏப்பம் விட்டால் குறையும். உழைத்தால் வந்து நின்றால் போவது இதய வலியின் குணம். ஒரு மாதமாக வெறும் வயிற்றில், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டாபிரசோல் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த இடத்தில்தான். அந்த மாத்திரை உங்களுக்குக் கெடுதல் செய்ததோ இல்லையோ, ஒரு மாதத்தைத் தின்றுவிட்டது. புதிதாக ஆரம்பித்த நெஞ்சு இறுக்கம், பல வருடமாக ஒரே மாதிரி இருக்கும் வலியைவிட ஆபத்தானது. அதனால்தான் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லாமல் நாளைக்கே என்கிறேன்.

லேபில் ஈ.சி.ஜி. எடுத்தேன், நார்மல் என்கிறீர்கள். படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. படுத்திருக்கும் இதயத்தைத்தான் காட்டும். அடைப்பு இருந்தும் அது நார்மலாக வருவது சாதாரணம். கைக்கடிகாரம் காட்டும் ஈ.சி.ஜி.யால் ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது, அதை நம்பி நிம்மதி அடையாதீர்கள். உங்கள் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு, உங்களுக்கு ஐந்து வருடமாக "லேசான சுகர்". இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பார்க்கும் எந்த மருத்துவரும் உங்களை ஒரு ஈ.சி.ஜி.யோடு வீட்டுக்கு அனுப்ப மாட்டார். எக்கோ, ரத்தப் பரிசோதனைகள், அதன்பின் டிரெட்மில்லா, சி.டி. ஆஞ்சியோவா, நேராக ஆஞ்சியோகிராமா என்பதை அவர் முடிவு செய்வார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இதயப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

சரி, இனி நீங்கள் கடைசிப் பக்கத்தில் மிகவும் தயங்கி எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் முழுவதும் அதைச் சுற்றித்தான் போகிறது என்று தோன்றுகிறது. விறைப்பு சரியாக வருவதில்லை, சைக்கிள் சீட் நரம்பை நசுக்கிவிட்டதா, இனி சரியாகாதா என்று கேட்கிறீர்கள். மனைவியிடம்கூடப் பேச முடியவில்லை என்று எழுதியிருப்பதைப் படித்தேன்.

நீங்களே எழுதிய இரண்டு தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இந்தக் குறை தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. சைக்கிள் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. சைக்கிள் வருவதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கிய குறைக்குச் சீட் எப்படிக் காரணமாகும்? மணிக்கணக்கில் ஒரே நிலையில் உட்கார்ந்தால் அந்த இடம் மரத்துப்போவது உண்மை. சீட்டின் முனை மேல்நோக்கி இருந்தால் சமமாக்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்றால் அது போய்விடும். "சைக்கிள் ஓட்டினால் ஆண்மை போய்விடும்" என்ற வீடியோக்கள் எதை விற்பதற்காகப் போடப்படுகின்றன என்று கடைசி ஒரு நிமிடம் வரை பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்படியானால் காரணம் என்ன? பெரும்பாலும் அதே ரத்தக்குழாய் நோய்தான். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம், இதயத்தின் முக்கியக் குழாய்கள் மூன்று, நான்கு மில்லிமீட்டர். சுகரும் கொழுப்பும் உடம்பு முழுக்க உள்ள குழாய்களைக் கெடுக்கும்போது சின்னக் குழாயில்தான் குறை முதலில் தெரியும். நெஞ்சுவலிக்கு இரண்டு மூன்று வருடம் முன்பே இந்தப் பிரச்சினை தலைகாட்டுவது உண்டு. இரண்டு தனித்தனிக் கவலைகள் என்று நீங்கள் நினைத்து எழுதியவை ஒரே நோயின் இரண்டு முகங்களாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைத்த விஷயத்தை ஒன்றரை வருடம் முன்பே ஒரு மருத்துவரிடம் சொல்லியிருந்தால் அவர் இதயத்தையும் பரிசோதித்திருப்பார். இதில் உங்களைக் குறை சொல்லவில்லை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதைக் கிளம்பும்போது, கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் மருத்துவர் சீட்டு இல்லாமல், விறைப்புக்கான சில்டனாபில் மாத்திரை வாங்கி இரண்டு முறை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இனி ஒன்றுகூடப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் இதுவும் உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவு விழும். சில்டனாபில் போட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகை மாத்திரையான தடாலஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. எந்த மருத்துவரைப் பார்த்தாலும், 108-ல் ஏறினாலும், இந்த மாத்திரை போட்டதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர்கள் இதைத் தினமும் கேட்பவர்கள், யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். இதயம் சரியான பிறகு இந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துவருமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். ஒத்துவரவும் கூடும்.

இன்றிரவே வீட்டில் சொல்லிவையுங்கள்: சும்மா இருக்கும்போது இறுக்கம் வந்தாலோ, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. உங்கள் கூட்டாளிகளும் ஒன்று தெரிந்துகொள்ளட்டும். கால்வாய்க் கரையில் ஒருவருக்கு இப்படி ஆனால் டவுன் ஆஸ்பத்திரி தூரம் என்று திகைத்து நிற்க வேண்டாம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். 108 வர நேரமாகும் என்றால் கிடைத்த வண்டியில் அங்கே கொண்டு போகலாம்.

மற்றவை அவசரமில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போவது ஹேண்டில் பாரில் உள்ளங்கையின் ஓரம் அழுந்துவதால் வருவது. கை பிடிக்கும் இடத்தை அவ்வப்போது மாற்றுங்கள், மெத்தை வைத்த கையுறை போடுங்கள். அதற்காக பி12 ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. வலியில்லாத முழங்கால் சத்தம் நோயல்ல. நாடித்துடிப்பு 52 என்பது தலைசுற்றல் இல்லாதவரை பயப்பட வேண்டியதில்லை. சித்திரையில் ஆற்றுத் தண்ணீரில் முகம் கழுவியதால் மூளை தின்னும் அமீபா வந்திருக்குமோ என்ற பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மிக மிக அரிதான அந்த நோய், தண்ணீர் மூக்கின் உச்சிக்கு ஏறினால்தான் வரும். வந்தாலும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்திருக்கும்.

இனிமேல் சைக்கிளே கூடாது என்று சொல்லிவிடுவேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். அடைப்புக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, படிப்படியாகப் பயிற்சி செய்து, மறுபடி நெடுந்தூரம் மிதிப்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் எழுதியிருந்தீர்களே, விடியலில் நாற்று நட்ட வயலின் வாசம், மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் திரும்பும் சத்தம் என்று. அது உங்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். சொல்லப்போனால் சைக்கிள் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தே இருந்திருந்தால் இந்த இறுக்கம் வெளியே தெரிந்திருக்காது.

ஆடிப் பதினெட்டு அன்று நண்பர்களோடு கல்லணை வரை மிதிப்பதாகத் திட்டம் என்கிறீர்கள். போக வர 90 கிலோமீட்டர், பாதி வழி எதிர்காற்று. இந்த வருடம் வேண்டாம். நாளைக்குப் பார்க்கும் மருத்துவர் சம்மதித்தால் மனைவியோடு பஸ்ஸில் போய் வாருங்கள். நாளை மருத்துவரிடம் போகும்போதும் அவரையே கூட அழைத்துப் போங்கள், அந்தக் கடைசிப் பக்கத்தையும் அதற்கு முன்பே அவரிடம் படித்துக் காட்டிவிடுங்கள்.