பெரிய பெயர்களுக்கு அப்பால்: ஸ்காட்லாந்தின் பழைய லிங்க்ஸ் மைதானங்கள், கேள்வி பதில்

லிங்க்ஸ், அதாவது கடலோர மணல் நிலத்து கோல்ஃப் மைதானங்கள், அதிலும் ஓபன் கோல்ஃப் போட்டி நடக்கும் மைதானப் பட்டியலில் இன்று இல்லாதவை பற்றித்தான் இங்கே பதில். ஓட்டல், விஸ்கி ஆலை, விசா பற்றிய கேள்விகளுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் நாலு பேர், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனின் அளவு, எண் கூடினால் திறன் குறைவு) 12 முதல் 24 வரை. ஜூனில் ஏழு நாள். யாரைக் கேட்டாலும் செயின்ட் ஆண்ட்ரூஸ், கார்னூஸ்டி, ட்ரூன் என்றே சொல்கிறார்கள். அதற்கு வெளியே எதை எடுக்கலாம் சார்?

பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள், வட்டாரத்தைப் பார்த்து எடுங்கள். ஏழு நாளில் மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று என்று கோத்தால் பாதி நாள் காரிலேயே போய்விடும். ஒரே ஊரில் தங்கி நாலைந்து மைதானம் ஆடக்கூடிய வட்டாரங்கள் இருக்கின்றன: ஃபைஃப், கிழக்கு லோத்தியன், அயர்ஷயர், வடக்கே டோர்னாக் பக்கம். ஏழு நாளுக்கு இரண்டு வட்டாரம் போதும்.

ஃபைஃபில் தங்கினால் முதலில் எலி (Elie) என்ற மைதானம். பார் 5, அதாவது ஐந்து அடியில் முடிக்க வேண்டிய ஹோல், ஒன்றுகூடக் கிடையாது. 16 பார் 4, இரண்டு பார் 3, மொத்தம் 70. இதைக் கேட்டதும் சப்பென்று இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த 16-ம் நீளத்திலும் காற்று வரும் பக்கத்திலும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. முதல் டீக்கு (ஹோலின் முதல் அடி அடிக்கும் இடம்) எதிரிலேயே ஒரு மேடு நிற்பதால், முன்னால் போனவர்கள் நகர்ந்துவிட்டார்களா என்று பார்க்க ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டரின் அறையில் நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்காலிபர் என்ற கப்பலிலிருந்து கழற்றியது.

அடுத்தது கிரெய்லில் பால்கோமி, ஓல்ட் டாம் மோரிஸ் அமைத்தது. ஐந்தாவது ஹோல் பாறைக் கரையை ஒட்டி வளைந்து போகும். எவ்வளவு தண்ணீரை வெட்டிக் குறுக்கே அடிப்பது என்பது உங்கள் நெஞ்சுரத்தைப் பொறுத்தது. 24 ஹேண்டிகேப் நண்பர் தைரியமாக இடது பக்கமே போகட்டும்.

பிறகு லன்டினையும் லீவனையும் சேர்த்தே ஆடுங்கள். இரண்டும் ஒரு காலத்தில் ஒரே 18 ஹோல் மைதானம். 1909-ல் நடுவே பிரித்தார்கள், ஆளுக்கு ஒன்பது பழைய ஹோல், மீதியை உள்பக்கம் புதிதாக அமைத்துக்கொண்டார்கள். லன்டின் பக்கத்தை அமைத்தவர் ஜேம்ஸ் பிரெய்ட். ரயில் நின்று போன பழைய பாதை இன்றும் லன்டினுக்குள் குறுக்கே ஓடுகிறது, அது அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், அதாவது ஆட்ட எல்லைக்கு வெளியே. லீவனில் 18-வது கிரீனுக்கு (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) முன்னால் ஸ்கூனி ஓடை. ஸ்கோர் நன்றாக வந்துகொண்டிருக்கும் நாளில் அதைக் கடப்பதுதான் கஷ்டம்.

வடக்கே போனால் டேன், டோர்னாக், கோல்ஸ்பி, பிரோரா நாலும் ஒரே சாலை வரிசை. ஜூனில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் இரண்டாவது ரவுண்ட் தாராளமாக முடியும்.

பணம் கட்டும் முன் ஒவ்வொரு கிளப்பிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். உறுப்பினர் போட்டி எந்த நாள்? கிரீனில் துளையிட்டு மணல் போடும் வாரம் எது? நாலு பேர் சேர்ந்து ஆட எந்த நேரத்தில் விடுவீர்கள்? துளை போட்ட பத்து நாளுக்குள் போனால், எவ்வளவு பேர்பெற்ற கிரீனாக இருந்தாலும் பந்து துள்ளித் துள்ளித்தான் போகும். கட்டணம் குறையும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் ஆட இடம் கொடுக்கும் குலுக்கல் எப்படி?

ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர். தனி ஆளுக்கு வேறு குலுக்கல், முந்தின நாள் நேரில் போய்ப் பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான ஆட்டம் கிடையாது. இதற்கு மேல் இந்தப் பொருளுக்குள் போகவில்லை.

கேள்வி: கார் ஓட்டத் தெரியாது. ரயிலில் போய் ஆட வாய்ப்பு உண்டா?

தாராளமாக. லிங்க்ஸ் நிலம் பலவும் கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் கிடக்கும் மணல் பட்டைதான். கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து அயர் போகும் ரயில் பராசி, ட்ரூன், பிரெஸ்ட்விக் டவுன் என்று நின்று நின்று போகும். பிரெஸ்ட்விக் டவுன் நிலையத்தை விட்டு இறங்கினால் எதிரிலேயே கிளப். முதல் ஹோலின் வலப் பக்கம் முழுக்க ரயில்வே சுவர்தான், பந்து வலப்பக்கம் திரும்பினால் தண்டவாளத்துக்குப் போய்விடும். அங்கே ஐயர்ன் மட்டையை எடுங்கள், அதிக தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைப் பையிலிருந்தே உருவாதீர்கள்.

எடின்பரோவிலிருந்து என்றால் நார்த் பெரிக் ரயில், அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நிலையத்திலிருந்து மேற்கு லிங்க்ஸ் நடக்கும் தூரம். இது அவ்வளவு அறியாத பெயர் இல்லை, ஆனால் 13-வது ஹோலில் கிரீனுக்கு முன்னால் கல் சுவர் நிற்கும் மைதானத்தை விட்டுவிட்டு வருவது சரியல்ல. ரயிலில் போகிறவர் முழு பேக் கொண்டுபோகாதீர்கள். தோளில் சுமக்கும் சின்னப் பை, பத்து கிளப் (மட்டை) போதும்.

கேள்வி: ஓல்டு கோர்ஸ் குலுக்கலில் விழவில்லை என்றால் என்ன செய்வது?

எலி, கிரெய்ல், லன்டின், லீவன். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பிரோராவில் ஆடு மாடு மேயும் என்கிறார்களே, ஆட்டம் கெடாதா?

பிரோரா பல தலைமுறையாக மேய்ச்சல் நிலம். ஜேம்ஸ் பிரெய்ட் 1923-ல் அமைத்த ஹோல்கள் அந்தப் புல் மீதுதான். கால்நடை கிரீனை மிதிக்காமலிருக்கச் சுற்றிலும் தாழ்வாக மின்கம்பி கட்டும் வழக்கம். ஏற்பாடு ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், கிளப்பிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பி இருந்தால் காலைத் தூக்கித் தாண்டுங்கள், பட்டரை (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) அதன்மேல் சாய்த்து வைக்காதீர்கள்.

விதியில் குழம்புவது இங்கேதான். சாணம், புழுக்கை எல்லாம் தளர்ந்து கிடக்கும் இயற்கைப் பொருள். அபராதமில்லாமல் எடுத்துப் போடலாம், பந்து மட்டும் நகரக் கூடாது. முயல் தோண்டிய பொந்துக்கு இலவச நிவாரணம் உண்டு. மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளம் தோண்டிய பொந்து ஆகாது. உள்ளூர் விதி அனுமதித்தால் தவிர அப்படியே அடிக்க வேண்டியதுதான். ஸ்கோர் அட்டையின் பின்பக்கத்தை முதல் டீயில் நிற்கும்போதே படித்துவிடுங்கள்.

கேள்வி: பிரெஸ்ட்விக், எலி எல்லாம் பார்த்தேன். கிரீனே தெரியாமல் மேட்டுக்கு மேல் அடிப்பதில் திறமை எங்கே இருக்கிறது? பிளைண்ட் ஹோல் என்பது வடிவமைப்புக் குறை. அதற்குப் பழமை என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறோம்.

இல்லை. முதல் தடவை ஆடும்போதுதான் அது பிளைண்ட். கிரீன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தூரம் தெரியும், திசை தெரியும், காற்று தெரியும். தெரியாதது, பந்து எங்கே நின்றது என்பது மட்டும். அடித்த பந்தை நம்பி மேடேறிப் போகும் அந்த முப்பது விநாடி வேறு எந்த ஹோலிலும் கிடைக்காது. பிரெஸ்ட்விக் 17-வது ஆல்ப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அடி பெரிய மணல்மேட்டுக்கு மேலே, அதற்கு அப்பால் கிரீனுக்கு முன்னால் சஹாரா என்ற பங்கர் (மணல் பள்ளம்) ஒளிந்து கிடக்கிறது. மேட்டின் உச்சியைத் தாண்டினால் போதும் என்று கணக்குப் போடுகிறவர் அதில் விழுவார். கிரீன் வரைக்கும் கணக்குப் போட்டு ஒரு கிளப் கூட்டி, அதாவது இன்னும் தூரம் போகும் மட்டையை எடுப்பவர் தப்பிப்பார். திறமை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: முன்னவர் சொன்னதே சரி. பெரிய வடிவமைப்பாளர் மெக்கென்சியே 1920-ல் எழுதிய 13 கோட்பாடுகளில், கிரீனை நோக்கிய அடியில் மறைவு குறைவாக இருக்க வேண்டும் என்கிறார்.

நல்ல மேற்கோள். ஆனால் அவர் சொன்னது குறைவு, அடியோடு கூடாது என்றல்ல. அவரே அயர்லாந்தில் லஹிஞ்ச் மைதானத்தை 1927-ல் திருத்தி அமைத்தபோது ஓல்ட் டாம் போட்ட இரண்டு பிளைண்ட் ஹோல்கள் அப்படியே நின்றன: க்ளான்டைக், டெல். டெல் ஒரு பார் 3. இரு மணல்மேடுகளுக்கு நடுவே கிரீன், டீயிலிருந்து கொடியே தெரியாது. அன்றைக்குக் குழி எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த நேர்கோட்டில் மேட்டின் மேல் ஒரு வெள்ளைக் கல்லை நகர்த்தி வைக்கிறார்கள். உறுப்பினர்கள் அந்த இரண்டு ஹோல்களையும் தொட விடவில்லை.

இவை ஏன் உண்டாயின என்பதையும் பாருங்கள். மணலை வாரி மேட்டைச் சமப்படுத்தும் இயந்திரம் அன்று இல்லை. குழிக்கு ஏற்ற சமதரை எங்கே கிடைத்ததோ அங்கே கிரீன், நடுவில் மேடு வந்தால் அதன்மேலேயே அடி. பிரெஸ்ட்விக்கில் 1860-ல் முதல் ஓபன் நடந்தபோது மொத்தம் 12 ஹோல்தான், ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிப் போகும். 1925-ல் அங்கே கடைசி ஓபன் நடந்தபோது கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. மைதானம் போட்டிப் பட்டியலை விட்டு வெளியே வந்தது அப்படித்தான், பிளைண்ட் ஹோலால் அல்ல.

கேள்வி: சரி, அது திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சை விட்டுவிடுவோம். பாதுகாப்பு? மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் நின்றால்?

இதுதான் உண்மையான ஆட்சேபம். அதற்குத்தான் மணி. கிரீனை விட்டு இறங்கியதும் மணி அடித்தால்தான் பின்னால் வருகிறவர் அடிக்கலாம். எட்டு பேர் வரிசையில் காத்திருக்கும் நாளில்கூட மணிச் சத்தம் கேட்காமல் அடிக்காதீர்கள். முதல் முறை ஆடுகிறவர் இன்னொன்றும் செய்ய வேண்டும்: மேட்டின் உச்சி வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அடியுங்கள். ஒரு நிமிடம் ஆகும், பின்னால் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இலக்குக் கம்பம் நடுக்கோட்டைத்தான் காட்டும். அதன்மேல் பந்தைப் போட வேண்டும் என்பதில்லை, எந்தப் பக்கம் தவறினால் நல்லது என்பதைப் பார்த்து அடியுங்கள்.

கேள்வி: ஓல்டு கோர்ஸில் ஜூலையில் வாய்ப்பு அதிகமா?

மூன்றாவது முறை. மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: கிளாஸ்கோவில் தங்கி மக்ரிஹானிஷ் ஒரே நாளில் போய்வரலாமா?

வேண்டாம். ஒரு பக்கம் மூன்றரை மணி நேரம் காரில். ஏ83 சாலை மலைச்சரிவில் மண் சரிந்தால் அடைபடும். முதல் டீயிலேயே அட்லான்டிக் கரையை வெட்டி அடிக்க வேண்டிய ஹோல், களைத்துப் போய் நிற்கும் இடமல்ல. இரண்டு இரவு தங்குங்கள்.

கேள்வி: ஆரன் தீவின் ஷிஸ்கினில் 12 ஹோல்தான். அதற்குப் படகில் போவது வீணல்லவா?

வீணல்ல. முதல் ஓபனே 12 ஹோலில்தான் நடந்தது. படகு அட்டவணையை முந்தின நாளும் அன்று காலையும் பாருங்கள், காற்றில் ரத்தாகும்.

கேள்வி: நவம்பரில் கட்டணம் குறைவு. போகலாமா? எந்த வெட்ஜ் எடுப்பது?

மணல் நிலம் தண்ணீரை உடனே உறிஞ்சும், அதனால் குளிர்காலத்திலும் ஆடலாம். ஆனால் பகல் சுருங்கிவிடும், நாலு மணிக்கெல்லாம் இருட்டு. பல கிளப்களில் ஃபேர்வேயை (டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டிய பாதை) காக்கச் செயற்கைப் பாய் மீது வைத்துத்தான் அடிக்கச் சொல்வார்கள். போட்டி நாள் கேட்பதோடு பாய் உண்டா என்றும் கேளுங்கள்.

பந்தை உயரத் தூக்கும் 60 டிகிரி வெட்ஜ் மட்டையை வீட்டில் வையுங்கள். கீழே கட்டாந்தரை மாதிரி மணல், கிளப் எகிறி பந்தின் நடுவில் வெட்டும். கிரீனுக்கு முப்பது அடி வெளியே இருந்தாலும் பட்டர் எடுங்கள். புல் படிந்திருக்கும் முதல் பகுதியில் வேகம் குறையும், அதற்காகக் கொஞ்சம் அழுத்தித் தள்ளுங்கள். நார்த் பெரிக்கின் 15-வது ஹோலான ரெடானில் இதே புத்தி வேண்டும். கிரீன் வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கம் சரிகிறது, இடது முன்னால் ஆழமான பங்கர். கொடியை நோக்கி அடிக்காதீர்கள். கிரீனின் வலது மேட்டுப் பக்கம் விழச் செய்தால் சரிவே இடப்பக்கம் உருட்டிக்கொண்டு போகும்.

கேள்வி: பிளைண்ட் ஹோல் கேட்டவன்தான். பிரெஸ்ட்விக்கில் ஆடத்தான் போகிறேன். ஐந்தாவதில் என்ன செய்வது?

மகிழ்ச்சி. அது ஹிமாலயாஸ், பார் 3, எதிரே மணல்மேட்டுச் சுவர். அதன் முகத்தில் வண்ண வட்டங்கள் பதித்திருப்பார்கள், ஒவ்வொன்றும் ஒரு டீக்கான நேர்கோடு. நீங்கள் நிற்கும் டீயின் வண்ணத்தைப் பாருங்கள், பக்கத்து வண்ணத்தைப் பார்த்து அடித்தால் பந்து கிரீனுக்கு வெளியே போய்விடும். எதிர்க்காற்று என்றால் இரண்டு கிளப் கூட்டுங்கள். முடித்து இறங்கும்போது மணியை அடித்துவிட்டுப் போங்கள்.