பெங்களூரிலிருந்து திருவனந்தபுரம்: சம்பளம் குறைந்தாலும் போகலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வாடகைக்கு இருக்கிறோம். சொந்த ஊர் நாகர்கோவில். திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐடி பூங்காவில் உள்ள கிளைக்கு மாறிக்கொள்ள எங்கள் கம்பெனி சம்மதிக்கிறது. ஆனால் இப்போது கைக்கு வரும் 1,40,000 ரூபாயில் 12 சதவீதம் குறையும். மனைவி தனியார் மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியன், 38,000 வாங்குகிறார். மகள் இரண்டாம் வகுப்பு. இங்கே வாடகை, பராமரிப்பு சேர்த்து 38,500 ஆகிறது. அங்கே 20,000-க்குள் முடியும் என்கிறார் நண்பர். அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது. நாகர்கோவிலிலேயே தங்கி தினமும் வேலைக்குப் போய் வரவும் யோசனை. போகலாமா?

பதில்: உங்களைப் பயமுறுத்துகிற அந்த 12 சதவீதத்தை முதலில் ஓரமாக வையுங்கள். மாதம் 16,800 ரூபாய் குறைகிறது. வீட்டுச் செலவில் 18,500 மிச்சமாகிறது. அதோடு கணக்கு நேர். தீபாவளி, பொங்கலுக்கு ஆம்னி பஸ்ஸில் கொட்டிக் கொடுக்கும் பணம் தனி மிச்சம். கேள்வியில் போகிற போக்கில் சொல்லிவிட்ட உங்கள் மனைவியின் 38,000-தான் உண்மையில் இங்கே தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

பெங்களூரில் ஒரு வேலை போனால் ஒயிட்ஃபீல்டிலோ அவுட்டர் ரிங் ரோட்டிலோ இன்னொரு கதவைத் தட்டலாம். திருவனந்தபுரத்தின் பொருளாதாரம் வேறு மாதிரி. தலைமைச் செயலகமும் அதைச் சுற்றிய துறைகளும் தரும் சம்பளம், ஓய்வூதியம். தும்பாவிலும் வலியமலையிலும் இஸ்ரோ மையங்கள். மருத்துவக் கல்லூரி, இதயத்துக்கும் நரம்புக்கும் பேர்போன ஸ்ரீசித்ரா மருத்துவமனை, மண்டலப் புற்றுநோய் மையம். இவற்றோடு 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க். இந்தப் பணம் சட்டென்று ஏறாது, சட்டென்று இறங்கவும் செய்யாது. அதனால் அங்கே வாழ்க்கை நிதானமாக இருக்கும். ஆனால் அந்த வேலைகளில் பெரும்பகுதிக்கு அரசுத் தேர்வு எழுதித்தான் உள்ளே போக முடியும். உங்கள் துறையில் இன்ஃபோசிஸ், டிசிஎஸ், யுஎஸ்டி, டாடா எல்க்ஸி என்று நல்ல கம்பெனிகள் இருக்கின்றன. பெங்களூரின் எண்ணிக்கை கிடையாது. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டதைச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கப்பலிலிருந்து கப்பலுக்குப் பெட்டி மாற்றுவதுதான் அதன் முக்கியமான வேலை. ஊருக்குள் வேலைவாய்ப்பாக அது மாற நாளாகும்.

உங்கள் மனைவிக்கு நிலைமை இன்னும் இறுக்கம். மருத்துவம் சார்ந்த படிப்பு படித்தவர்களுக்குக் கேரளத்தில் பஞ்சமே இல்லை. போட்டி அதிகம், தனியார் சம்பளம் குறைவு. அவர் படித்தது தமிழ்நாட்டில் என்றால் கேரளத்தில் லேப் டெக்னீஷியனாகப் பதிவு செய்ய என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று இன்றே விசாரியுங்கள். அவருக்கு 25,000-க்குக் குறையாமல் ஓர் ஆஃபர் எழுத்தில் வந்தால் தாராளமாகப் போகலாம். வரவில்லை என்றால் ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடும், சேமிப்பு நின்றுவிடும். அதைவிட, இத்தனை நாள் உழைத்து வந்த ஒரு பெண் வீட்டோடு இருக்க நேர்வதை ‘ஊர்ப்பக்கம் போகிறோம்’ என்ற சந்தோஷத்தில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

நாகர்கோவிலில் தங்கிப் போய் வருவது வேண்டாம். வரைபடத்தைப் பாருங்கள்: திருவனந்தபுரம் நகரத்துக்குத் தெற்கே நாகர்கோவில், வடக்கே டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டம். ஒரு வழிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஊரைத் தாண்டி. கழக்கூட்டம் முதல் தமிழ்நாட்டு எல்லையோரக் காரோடு வரை நான்குவழி பைபாஸ் நன்றாக இருக்கிறது. அதனால் அந்தச் சாலையை ஒட்டி, திருவல்லம், ஈஞ்சக்கல் பக்கம் வீடு பாருங்கள். அலுவலகமும் பக்கம், சனிக்கிழமை காலை கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குள் அம்மா வீட்டுக்கும் போய்விடலாம். பெற்றோருக்கு இதயமோ நரம்போ தொந்தரவு என்றால் குமரி மாவட்டத்துக்காரர்கள் ஸ்ரீசித்ராவுக்கு ஓடுவது உங்களுக்கே தெரியும். அப்போது நீங்கள் அதே ஊரில் இருப்பீர்கள். இதற்கு விலை போட முடியாது.

கழக்கூட்டத்திலேயே வீடு என்றால் ஒரே ஒரு கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்க் கடைக்காரரிடம் கேளுங்கள்: 2023 அக்டோபர் மழையில் இங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? அப்போது தெற்றியாறு பெருகி டெக்னோபார்க் பக்கமே வெள்ளக்காடாகியது. ஆற்றோரத் தரைத்தளம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். டேங்கர் லாரிக்குக் காத்திருந்த பெங்களூர்க் கோடையோடு ஒப்பிட்டால் தண்ணீர் நிலைமை பரவாயில்லை, அருவிக்கரை அணை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் 2024 செப்டம்பரில் நாகர்கோவில் இரட்டை ரயில் பாதைக்காகக் குழாயை மாற்றப்போய் நகரத்தின் பெரும்பகுதி நாள்கணக்கில் தண்ணீரின்றித் தவித்தது. தொட்டியும் கிணறும் இருக்கிற வீடாகப் பாருங்கள்.

மகளைப் பொறுத்தவரை இதுதான் சரியான வயது. கர்நாடகத்தில் கன்னடம் போல, 2017-ல் வந்த சட்டப்படி கேரளத்தில் சிபிஎஸ்இ பள்ளியிலும் மலையாளம் கட்டாயம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு வருடத்தில் பிடித்துக்கொள்ளும். எட்டாம் வகுப்பு என்றால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

கம்பெனியிடம் பேசும்போது ராஜினாமா, மறுநியமனம் என்று போகவே கூடாது. பணித்தொடர்ச்சி குறிப்பிட்ட இடமாற்றக் கடிதம்தான் வேண்டும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) அந்தத் தொடர்ச்சியைப் பொறுத்ததுதான். குறைக்கிற 12 சதவீதத்தை அடிப்படைச் சம்பளத்தில் கைவைக்காமல் அலவன்ஸில் குறைக்கச் சொல்லுங்கள். பிஎஃப் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் போகிறது. நாளை பெங்களூருக்கே திரும்ப நேர்ந்தாலும் பழைய சம்பளத்தைக் காட்டிப் பேரம் பேச அந்தக் கடிதம் உதவும்.

பெங்களூர் வீட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்க, ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தை வாட்ஸ்அப்பில் அல்ல, கையெழுத்திட்ட கடிதமாகக் கொடுங்கள். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்கள்; அதற்கு மேல் பிடித்தால் காட்ட, சாவி கொடுக்கும் முன் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து வையுங்கள். வண்டிக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, கேரளத்தில் 12 மாதத்துக்குள் பதிவை மாற்ற வேண்டும். அங்கே சாலை வரி கட்டிய பிறகு, கர்நாடகத்தில் கட்டியதில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். பழைய வண்டி என்றால் இவ்வளவு அலைச்சலுக்கு இங்கேயே விற்றுவிடுவது மேல்.